தாமதக் கட்டணம் இல்லாத வேலைகள்

சேலம் கணக்கர் | ஞாயிறு, காலை 6.50

சேலத்தில் ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஆள் நான். சின்ன ஆபீஸ், என்னையும் சேர்த்து மூன்று பேர். என் மாதத்தை அரசாங்கமே கூறு போட்டு வைத்திருக்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், 20ஆம் தேதி 3பி (வரியைக் கட்டிப் போடும் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்). வாழ்க்கை என்று ஏதாவது இருந்தால் அது 21ஆம் தேதிக்கு மேல் நடந்துகொள்ள வேண்டியதுதான்.

மூன்று மாதம் முன்பு ஒரு பழக்கம் ஆரம்பித்தேன். காலை 5 மணிக்கு எழுந்து, தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இன்றைக்கு முக்கியமான ஒரே ஒரு வேலையை எழுதுவது. ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டர், பின்பக்கம் வெறும் தாள்தான். 6.30 வரை போன் அலமாரிக்குள். யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்திலேயே முடிகிற வேலை என்றால் முடித்துவிடுவேன், இல்லையென்றால் அன்றைக்குள். முடிந்தால் ஒரு டிக். தாள்களை ஒரு கறுப்புக் கிளிப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று அவற்றை எண்ணிப் பார்த்தேன் (தொழில் புத்தி). 92 தாள், 61 டிக். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே வகை பிரித்தேன். 61இல் 54 ஆபீஸ் வேலை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ‘அம்மா காது மெஷின் செல்’ என்று ஆறு தாளில் இருக்கிறது. ஒன்றில்கூட டிக் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. காது மெஷினுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான் செல் போட வேண்டும். கடை நான் ஆபீஸ் போகிற வழியிலேயே இருக்கிறது, வண்டியை ஓரம் கட்டினால் ஐந்து நிமிஷ வேலை. செல் தீர்ந்த பிறகு அம்மா எதற்கும் சிரிக்கப் பழகிவிட்டார். “சாப்பிட்டியாம்மா” என்றால் “ஆமா, வெயில் ஜாஸ்திதான்” என்பார். நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஏன் தள்ளிப் போனது என்று யோசித்தேன். 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதனால் அது தள்ளிப் போவதில்லை. அம்மாவின் செல்லுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது.

எது முக்கியம் என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் எல்லோரும் அறிவுரை தருகிறார்கள். எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது, ஆறு தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? உங்களுக்கெல்லாம் எப்படி?

ஓஎம்ஆர் ஆந்தை | ஞாயிறு, மதியம் 1.15

சார், உங்கள் 5 மணி எனக்குப் படுக்கப் போகும் நேரம். அமெரிக்க ஷிப்ட். இந்த ‘விடியற்காலை எழுபவனே வெல்வான்’ கூட்டத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது, மன்னிக்கவும்.

ஆனால் தாமதக் கட்டணம் விஷயம் சுருக்கென்று தைத்தது. எங்கள் சப்போர்ட் டீமில் டிக்கெட்டுக்குத் தரம் உண்டு. பி1 என்றால் 15 நிமிஷத்துக்குள் ஒரு ஆள் கையில் எடுக்க வேண்டும், நள்ளிரவில் மேனேஜரையே எழுப்பலாம். பி4 என்றால் ‘எப்போது முடியுமோ அப்போது’. நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு பி4 டிக்கெட்டை யாரும் மனமுவந்து எடுத்து முடித்ததைப் பார்த்ததில்லை. 30 நாள் ஆனதும் சிஸ்டமே மூடிவிடும்.

என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் எனக்கு பி4. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம், அடுத்த ஞாயிறு கூப்பிடலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள், நம்பர் கைமாறியிருந்தது. டிக்கெட் மூடப்பட்டது.

அதனால் அப்பா விஷயத்தில் நானே ஒரு தாமதக் கட்டணம் வைத்தேன். ஞாயிறு இரவுக்குள் அப்பாவிடம் பேசவில்லை என்றால் தங்கைக்கு 200 ரூபாய் ஜிபே. மூன்று வாரம் நன்றாகப் போனது. நாலாவது வாரம் ஒரு உண்மை புரிந்தது, 200 ரூபாய் அனுப்புவது அப்பாவிடம் பேசுவதைவிட எளிது! அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்தாவது வாரம் தங்கை முன்பணம் கேட்டாள்.

பிறகு படித்தபோது தெரிந்தது, இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதையே சோதித்திருக்கிறார்கள். க்னீஸி, ரஸ்டிசினி என்ற இரண்டு பொருளியல்காரர்கள் 2000இல் எழுதியது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் கூடிவிட்டது. அதுவரை டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள், காசு கொடுத்துவிட்டோமே என்று சாவகாசமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லையாம்.

ஆக, கட்டணம் வைத்துப் பார்க்காதீர்கள் சார். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

குரூப்4 மூன்றாம் முறை | ஞாயிறு, மாலை 4.30

நான் கணக்கர் அண்ணனுக்கு நேர் எதிர். எழுதுவதில் மன்னன். நாலு கலர் பேனாவில் டைம் டேபிள் போடுவேன், அதற்கே ஒரு நாள் போய்விடும்.

குரூப் 4இல் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. எனக்கு எங்கே மார்க் போகிறது என்று நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும், அந்த 25இல்தான். ஆனால் தினமும் புத்தகத்தைத் திறந்தால் கை தானாகத் தமிழுக்குப் போகும். இலக்கணக் குறிப்பு, பிரித்து எழுதுக, எல்லாம் ஏற்கெனவே தெரிந்தது. நாலு மணி நேரம் படித்த களைப்பும் வரும், அம்மாவும் “புள்ள பாவம்” என்று டீ கொடுப்பார். பிடித்ததைப் படிப்பது உழைப்பு மாதிரியே இருக்கிறது அண்ணே, அதுதான் ஆபத்து. உங்கள் 54 டிக்கும் அந்த வகையோ?

இப்போது பொமோடோரோ முறையில் போகிறேன். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்தது. அந்த மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. முதல் 25 நிமிஷம் கணக்குக்கு, வேறு எதுவும் தொடக் கூடாது. வட்டி கணக்கு இப்போது வருகிறது. வேலையும் காலமும் இன்னும் வரவில்லை.

கோமதி தென்காசி | ஞாயிறு, இரவு 9.40

கணக்கர் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்வி. உங்கள் 5 மணிக்குக் காபி யார் போட்டது?

5இலிருந்து 6.30 வரை யாரும் கூப்பிடக் கூடாது என்கிறீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் என்னென்ன கூப்பிடும் தெரியுமா? பால்காரர் கூப்பிடுவார். தண்ணீர் வரும், எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தே காலுக்கு வந்து ஆறரைக்கு நிற்கும். கேஸ் தீரும், அதுவும் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும். பிள்ளை “அம்மா, இன்னிக்கு சார்ட் கொண்டு போகணும்” என்று தூக்கத்திலேயே சொல்லும். இவை எதுவும் உங்கள் அலமாரிப் பக்கம் வரவில்லை என்றால், வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் நின்றிருக்கிறார் என்று அர்த்தம்.

நான் ஐந்து பேருக்குச் சமைக்கிறேன், சாயங்காலம் 11 பிள்ளைகளுக்கு டியூஷன். தோசையை ஊற்றிவிட்டுத் திருப்புகிற அந்த இடைவெளி இருக்கிறதே, அதில்தான் என் யோசனை எல்லாம். மாமனாருக்கு ஷுகர் மாத்திரை பத்து நாளைக்கு இருக்கிறதா, மின்கட்டணம் கட்டியாச்சா, நாளைக்கு உளுந்து ஊறப் போட வேண்டுமா. தோசை வெந்துவிடும், யோசனை பாதியில் நிற்கும். அடுத்த தோசையில் தொடரும். இன்றைக்கு முக்கியமான ஒரே வேலை என்று என்னை எழுதச் சொன்னால், அந்தத் தாளில் வேறு யாருடைய வேலையாவதுதான் இருக்கும்.

இன்னொன்று. தாமதக் கட்டணம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. கட்டுகிறவர் வேறு ஆள், அவ்வளவுதான். உங்கள் அம்மா மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். சிரித்துச் சிரித்து.

சேலம் கணக்கர் | ஞாயிறு, இரவு 10.25

கடைசி வரி வலிக்கிறது. நியாயம்தான்.

காபி என் மனைவிதான். ஆனால் அதற்காக நான் அவளை எழுப்பவில்லை, அவள் எப்படியும் 4.45க்கு எழுந்துவிடுவாள்.

கோமதி தென்காசி | ஞாயிறு, இரவு 10.31

‘எப்படியும்.’ அந்த வார்த்தையைத்தான் சார் சொல்கிறேன்.

மதுரை வாத்தியார் | திங்கள், காலை 10.10

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. பயப்படாதீர்கள், குறள் சொல்லி ஆரம்பிக்க மாட்டேன்.

எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். பேனா பிடிக்க முடியாமல் இருந்த விரல்களை கண்ணில் கத்தி வைக்கும் அளவுக்குப் பழக்கினார். அந்தக் கையால் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சை. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். குணப்படுத்தக்கூடிய பார்வையிழப்பு இருக்கக் கூடாது, அவருக்கு அது ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க ஒரே தாளில் ஒரே வரி எழுதிய மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைகளில் இதோடு நிறுத்திக் கைதட்டி விடுவார்கள். நானும் வகுப்பில் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். பிறகு எனக்கே புரை வந்து அங்கே போய்ப் படுத்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது.

அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த ஆள் தயார். முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்புவார், மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்பும். என் பெயரைச் சரிபார்த்தது, எந்தக் கண் என்று கேட்டது, சொட்டு மருந்து விட்டது, துடைத்தது, கருவியை எடுத்துக் கொடுத்தது, முடிந்ததும் கையைப் பிடித்து நடத்திப் போனது எல்லாம் சீருடை போட்ட இளம் பெண்கள். பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். டாக்டர் என் கண்ணை மட்டும் பார்த்தார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஏற்பாட்டினால்தான் அங்கே ஒரு டாக்டர் வருஷத்துக்கு 2,000 அறுவை என்ற அளவில் செய்ய முடிகிறது.

டாக்டரின் அந்தக் கவனத்தைச் சுற்றி நின்றவர்கள் உண்டாக்கிக் கொடுத்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அது ஒரு வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பெயர் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். கோமதி சொல்வது அந்த வித்தியாசத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் நாட்களில் எங்கள் வீட்டில் ரேடியோகூடப் பாடாது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று 31 வருஷ சர்வீஸில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால், அவள் இல்லை.

ஷார்ஜா பஸ் 5.20 | செவ்வாய், இரவு 11.50

எல்லாவற்றையும் படித்தேன். கேம்ப்பில் ரூமுக்கு ஆறு பேர், எனக்கு மேல் கட்டில். இரவு 9.30க்கு விளக்கை அணைத்துவிட்டார்கள், போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு ஒரு நாளை எப்படி வாழ்வது என்ற கேள்வியே வருவதில்லை. எழுவதும் சாப்பிடுவதும் பஸ் ஏறுவதும் சைரன் அடித்த மாதிரி நேரத்துக்கு நடக்கும். ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12.30க்கு வெயிலில் வேலையை நிறுத்தி 3 மணிக்கு ஆரம்பிப்பார்கள், அதுகூடச் சட்டம் போட்டுக் கொடுத்த ஓய்வு. என் கையில் இருப்பது ஒரு நாளைக்கு 20 நிமிஷம்.

மகள் புதுக்கோட்டையில் இரண்டாம் வகுப்பு. ஊர் நேரம் இங்கேயைவிட ஒன்றரை மணி முன்னால். முதலில் வேலை முடிந்து வந்து இரவு 8 மணிக்குக் கூப்பிடுவேன், அங்கே 9.30, அது தூங்கியிருக்கும். தூங்குகிற முகத்தைத்தான் போனில் காட்டுவார்கள். ஒரு வருஷம் இப்படியே போனது. அப்புறம் மாற்றினேன். பஸ் 5.20க்கு. 4.55க்கு குளித்து டிரெஸ் போட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போட்டிம் ஆப்பில் வீடியோ காலில் கூப்பிடுவேன். அங்கே 6.25, பல் தேய்த்துக்கொண்டிருக்கும். வாய் நிறைய நுரையோடு பேசும், பாதி புரியாது. சடை பின்னும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள், தலை மட்டும் தெரியும்.

இந்த 20 நிமிஷத்துக்காக ராத்திரி தூக்கத்தில் அரை மணி விட்டேன். யாரும் எனக்குக் காபி போடவில்லை கோமதி அக்கா. ஆனால் அங்கே போனைச் சுவரில் சாய்த்து வைக்கிறது யார் என்று உங்கள் பதிவைப் படித்ததும் நினைத்தேன். காலையில் அத்தனை வேலைக்கு நடுவில். நாளைக்கு முதலில் என் மனைவியிடம் இரண்டு நிமிஷம் பேசப் போகிறேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை, பணம் வந்ததா என்பதைத் தவிர.

கோமதி தென்காசி | புதன், காலை 6.05

தம்பி, மாடிப்படியில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். அவளுக்கு அது போதும்.

(தோசைக் கல்லில். அப்புறம் வருகிறேன்.)

ஓஎம்ஆர் ஆந்தை | புதன், அதிகாலை ஷிப்ட் முடிந்து, காலை 6.20

அப்பாவுக்கு இப்போதே கூப்பிட்டேன். வாக்கிங்கில் இருந்தார். “என்னடா, உடம்பு சரியில்லையா” என்று கேட்டார்.

சேலம் கணக்கர் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

இழையை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிக்கவும், நடுவில் ஒரு 20ஆம் தேதி வந்து போனது.

செல் அந்தத் திங்கட்கிழமையே வாங்கிவிட்டேன். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப் பட வைத்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் அம்மா என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டதும் முதலில் சொன்னது, “ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதா?”

அடுத்தது கோமதி அக்கா சொன்னது. மனைவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, இன்றைக்கு உனக்கு முக்கியமானதை எழுது என்றேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு. அவள் வாங்கி வைத்துக்கொண்டு எழுதவே இல்லை. மூன்று நாள் கழித்து நானே நச்சரித்த பிறகு, பிரிட்ஜ் மேல் வைத்து நின்றுகொண்டே எழுதினாள். ஒன்று இல்லை. அவள் தலைக்குள் அன்றைக்கு இருந்தது எல்லாம். பெரியவளுக்கு ஃபீஸ் ரசீது, சின்னவனுக்கு ஷூ கடிக்கிறது, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வியாழனோடு தீர்கிறது, கேஸ் புக் பண்ண, தண்ணீர் கேன், நாத்தனார் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு மொய், மாவு. பின்பக்கம் முடிந்து முன்பக்கம் திருப்பி ராகு காலம், எமகண்டத்தின் மேலேயே எழுதியிருந்தாள். எண்ணினேன், 23. கடைசியில் ‘அத்தை காது செல்’ என்று எழுதி அடித்திருந்தது. நான் மறந்த அந்த மூன்று மாதமும் அவள் தலையில் அது இருந்திருக்கிறது. “நீங்க வாங்கிட்டு வரேன்னு சொன்னீங்களே” என்றாள். நான்தான் வாங்கப் போகிறேன் என்று அவள் விட்டு வைத்தது.

“எதை நான் செய்யட்டும்” என்று கேட்டேன். “செய்யறதுக்கு இல்ல, ஞாபகம் வெச்சுக்கறதுக்கு ஆள் வேணும்” என்றாள். அதாவது அவள் சொல்லி நான் செய்தால் கணக்கில் வராது. அதனால் மூன்றை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்: அம்மாவின் மாத்திரை, கேஸ், மாவு. இவை தீருவதற்கு முன்னால் எனக்கே தெரிய வேண்டும். அவள் இனி அவற்றை நினைக்கவே கூடாது என்று ஒப்பந்தம். 5 மணித் தாள் இன்னும் இருக்கிறது, ஆனால் செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. அந்த நாட்களில் பால்காரரும் தண்ணீரும் என் பாடு. அவள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் தூங்கினாள் என்று மட்டும் தெரியும்.

மாத்திரை தவறவில்லை. கேஸ் ஒருமுறை நூலிழையில் தப்பியது. மாவில்தான் மாட்டினேன். போன ஞாயிறு ஒரு கிளையன்ட்டின் நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிற மும்முரத்தில் ஊறப் போடவே மறந்துவிட்டேன். அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். திங்கள் காலை எல்லோருக்கும் உப்புமா. நான் கிண்டிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து அம்மாவின் குரல்: “ஏன்டா, நேத்து கிரைண்டர் சத்தமே கேக்கலையே, மாவு ஆட்டலையா?”

மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது.

கோமதி தென்காசி | ஞாயிறு, மாலை 6.40

உளுந்துக்கு மூன்று மணி நேரம் ஊறினால் போதும் சார், அரிசிக்குத்தான் நாலைந்து. இப்போது மணி 6.40. இன்றைக்கும் ஞாயிறு.

சேலம் கணக்கர் | ஞாயிறு, மாலை 6.44

ஐயோ. வருகிறேன்.